காக்கிநாடா சோதனை இரண்டு மார்க் கேள்வி ஆன கதை

எங்கள் குழுவில் பள்ளிப்பட்டு அண்ணன் போட்டது, ஜூன் 2

"தொழில்முனைவோர் பாடம், ஸ்டார்ட்அப் செல், பிசினஸ் பிளான் போட்டி எல்லாம் 2016க்கு அப்புறம் காலேஜ்காரர்கள் பிடித்துக்கொண்ட ஃபேஷன். அமெரிக்காக்காரன் செய்தான், நாமும் செய்கிறோம். வியாபாரம் வகுப்பறையில் வராது. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் தறி போட்டவன் எந்த சிலபஸ் படித்தான்? சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்தவன் எந்தப் பரீட்சை எழுதினான்? பதில் இருந்தால் சொல்லுங்கள்."

என் பதில், ஜூன் 2, இரவு 10.40

அண்ணா, பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், மீதிக்குச் சண்டை.

2016 என்பது சரியில்லை. அந்த வருஷம் ஜனவரியில் டெல்லியில் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தை அறிவித்தபோது நான் நம் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக பி.காம். பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நான் படிக்கும்போதும் இருந்தது. எனக்கு நடத்திய மேடமும் அவர் காலத்தில் படித்ததாகத்தான் சொன்னார்.

அமெரிக்கா என்பது முக்கால்வாசி சரி. 1947இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மைல்ஸ் மேஸ் என்பவர் புது நிறுவனங்களை நடத்துவது பற்றி ஒரு பாடம் தொடங்கினார். முதல் தடவையே 188 பேர் சேர்ந்தார்கள். அதில் நிறையப் பேர் போர் முடிந்து திரும்பியவர்கள். அந்த ஸ்கூல் 1908இலிருந்து பெரிய கம்பெனிகளுக்கு மேனேஜர்களைத் தயார் செய்து அனுப்பிக்கொண்டிருந்த இடம். போருக்குப் போய் வந்தவனுக்கு இன்னொருவன் கம்பெனியில் இருபது வருஷம் படியேறப் பொறுமை இருக்குமா? சொந்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்றான், பாடம் பிறந்தது. 1953இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் இதே போல ஒன்று தொடங்கினார். அதற்கப்புறம் ரொம்ப நாள் மந்தம்தான்.

ஆனால் நம் பக்கத்துக் கதை அங்கிருந்து தொடங்கவில்லை. அதற்குக் காக்கிநாடா போகவேண்டும். நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் வந்துவிட்டது, தறியைப் பார்க்கவேண்டும்.

ஜூன் 3, காலை

காக்கிநாடா என்றதும் தேர்வுக்கு வருமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வரும் தம்பி, இரண்டு மார்க்குக்கு வரும். என் கோபமே அதுதான்.

ஜூன் 3, இரவு 11.15

சரி, காக்கிநாடா.

டேவிட் மெக்லெலண்ட் என்று ஹார்வர்டில் ஒரு மனோதத்துவப் பேராசிரியர். அவர் பிசினஸ் ஸ்கூல் ஆள் இல்லை. ஒரு ஊர் தொழிலில் மேலே வருவதற்கும் அந்த ஊர்க்காரர்களின் மனதில் சாதிக்கவேண்டும் என்ற உந்துதல் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் தொடர்பு உண்டு என்பது அவர் வாதம். 1961இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அதோடு நின்றிருந்தால் இன்னொரு தியரி, அவ்வளவுதான். அந்த உந்துதலை வளர்ந்த ஆட்களுக்குப் பயிற்சியால் ஏற்றமுடியுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். சோதித்துப் பார்க்க இடம் தேடி வந்து சேர்ந்தது ஆந்திராவுக்கு.

அப்போது ஹைதராபாத்தில் சியெட் என்று மத்திய அரசின் சிறுதொழில் பயிற்சி நிறுவனம் ஒன்று இருந்தது. 1960இல் டெல்லியில் தொடங்கி ஹைதராபாத்துக்கு வந்தது, இன்றைக்கு நி-எம்எஸ்எம்இ என்ற பெயரில் யூசுப்குடாவில் இருக்கிறது. 1964இல் அவர்களோடு சேர்ந்து, காக்கிநாடாவிலிருந்து ஐம்பது பேர் சொச்சத்தை அங்கே வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கேதான் கவனியுங்கள் அண்ணா, வந்தவர்கள் பரீட்சை எழுதும் வயதுப் பிள்ளைகள் இல்லை. கடை வைத்திருந்தவர்கள், பட்டறை வைத்திருந்தவர்கள், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர்கள்.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? லெட்ஜர் எழுதுவது பெரிதாக இல்லை. ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று கதை எழுதச் சொன்னார்கள். எழுதிய கதையில் முயற்சி, தடை, திட்டம் எங்கெங்கே வருகிறது என்று அவர்களையே எண்ண வைத்தார்கள். அப்புறம் வளையம் எறியும் விளையாட்டு. நம் திருவிழாவில் சோப்புக்கும் பவுடருக்கும் வளையம் போடுவோமே, அதேதான். ஒரு குச்சி நட்டிருக்கும், எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் எறியலாம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள், தவறவே தவறாது. சிலர் சுவரோரம் வரை போய் நின்று வீசுவார்கள், விழுந்தால் அதிர்ஷ்டம். மெக்லெலண்ட் கண் வைத்தது நடுவில் நிற்கிறவர்கள் மேல். கொஞ்சம் கஷ்டம், ஆனால் தன் கைத்திறமையால் விழவைக்க முடியும் என்கிற தூரம். நீ எங்கே நின்றாய், ஏன் அங்கே நின்றாய், அடுத்த தடவை தள்ளி நின்றாயா கிட்டே வந்தாயா, இதைத்தான் உட்காரவைத்துப் பேசினார்கள்.

பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சி எடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில் தொடங்கினார்கள், முதல் போட்டார்கள், ஆள் சேர்த்தார்கள். வேட்டி கட்டுவதும் நெற்றிக்கு இடுவதும் சாதிப் பழக்கமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்றும் எழுதினார்கள். பழமைதான் இந்தியனைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கிறது என்று மேற்கத்தியர்கள் அடித்துப் பேசிய காலம் அது. 1969இல் மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்கள்.

ஆக, தொழில்முனைவு கற்பிப்பதில் உலகமே திரும்பிப் பார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று நம் சேஷாத்ரி எக்ஸ்பிரஸ் போய் நிற்கிற ஊர்க்காரர்களை வைத்து நடந்தது. குப்பத்திலும் சித்தூரிலும் ஏறுகிற பிள்ளைகள் யாருக்காவது தெரியுமா? தெரியும், இரண்டு மார்க்குக்கு.

ஜூன் 4

குப்பத்திலிருந்து ஒரு தம்பி, "அப்படியானால் இந்தியாவில் தொழில்முனைவுக் கல்வியைத் தொடங்கிய பல்கலைக்கழகம் காக்கிநாடாவில் இருந்தது என்று சொல்லலாமா" என்கிறார். சொல்லாதீர்கள். அது பல்கலைக்கழகமே இல்லை, அரசுப் பயிற்சி நிறுவனம். வகுப்பு நடந்ததும் ஹைதராபாத்தில், ஆட்கள் மட்டும்தான் காக்கிநாடா. இதை நான் சும்மா திருத்தவில்லை, விஷயமே இதில் இருக்கிறது. நம் நாட்டில் இந்தக் கல்வி கல்லூரிக்கு வெளியே பிறந்து, வளர்ந்த பிறகுதான் கல்லூரிக்குள் தத்துப்பிள்ளையாகப் போனது.

நடுவில் குஜராத் வருகிறது. 1970 வாக்கில் அங்கே மாநிலத் தொழில் முதலீட்டுக் கழகம் இந்தப் பயிற்சியைத் தொடர்ந்து நடத்த ஆரம்பித்தது. காரணம் ஆசை அல்ல, கடன். புதியவர்களுக்கு அடமானம் இல்லாமல் பணம் தரவேண்டும் என்றால் எவனிடம் தரலாம் என்று கண்டுபிடிக்கவேண்டுமே. அதனால் முதலில் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு பயிற்சி கொடுத்தார்கள், கூடவே கடனுக்கும் லைசென்சுக்கும் அலைந்தார்கள். இதை முன்னின்று நடத்திய வி.ஜி. பட்டேல் என்ற பெயர் இங்கே முக்கியம். 1983இல் அகமதாபாத்தில் இடிஐஐ என்ற தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் வந்தபோது ஐடிபிஐ, ஐஎஃப்சிஐ, ஐசிஐசிஐ, ஸ்டேட் பேங்க் நான்கும் சேர்ந்து அதை நிறுவின. பார்த்தீர்களா, நாலும் கடன் கொடுக்கிறவர்கள். வாத்தியார் ஒருவர்கூட இல்லை.

கல்லூரிக் கதவைத் தட்டியது 1982. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் ஒரு தேசிய வாரியம் வந்தது, பொறியியல், அறிவியல் படித்தவர்களை வேலை தேடுகிறவர்களாக இல்லாமல் தொழில் தொடங்குகிறவர்களாக ஆக்குவது என்று. அதன் வழியாகத்தான் கல்லூரிகளை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்காக்கள் வந்தன. திருச்சியில் 1986லேயே ஒன்று, கோவை பிஎஸ்ஜியில் 1998இல் ஒன்று.

அப்புறம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு தாளைச் சேர்த்துக்கொண்டது. அலகு ஒன்று: பொருள், வரையறை, பண்புகள். இப்போதும் அப்படித்தான்.

ஜூன் 4, மதியம்

ஆமாம் அண்ணா, வரையறையில் பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர் கட்டாயம் வருவார். 1911இல் ஜெர்மனில் எழுதியவர், நம் பிள்ளைகள் அவர் பெயரை எழுதும் விதங்களைப் பார்த்தால் மனிதர் எழுந்து வந்துவிடுவார்.

ஜூன் 6, இரவு

விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்ததைச் சொல்கிறேன், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

கேள்வி, திட்ட அறிக்கையின் கூறுகளை விளக்குக, பத்து மார்க். எல்லாத் தாளிலும் ஒரே பதில்தான்: முன்னுரை, தொழில்முனைவோர் விவரம், இடம், இயந்திரம், சந்தை, நிதி. கல்லூரி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் விற்கிற நோட்ஸ், அதே வரிசை, அதே எழுத்துப்பிழை. திருத்தித் திருத்தி எனக்கே மனப்பாடம். நடுவில் ஒரு தாள் வந்தது. எழுதியது பெண்ணா பையனா தெரியாது, தறி வீட்டுப் பிள்ளை என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. "நான்கு விசைத்தறி வைத்துக்கொண்டால்" என்று ஆரம்பித்து, பாவு நூலுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) முதலாளியிடம் கடன், பாவு பிணைக்கிறவர் கூலி, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவின் தேய்மானம், மின்வெட்டு நேரத்தில் நிற்கும் தறிக்கு நஷ்டம், மீட்டருக்குக் கிடைக்கும் கூலி எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு வரி: "அம்மா தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்குச்சி) சுற்றுவதற்குக் கூலி கணக்கில் சேர்க்கவில்லை, வெளி ஆள் வைத்தால் சேர்க்கவேண்டும், அப்போது லாபம் இல்லை."

நான் ஒன்பது போட்டேன். சீஃப் எக்ஸாமினர் தாளைப் புரட்டிவிட்டு, ஆன்சர் கீயில் உள்ள எட்டுப் பாயிண்டில் எத்தனை இருக்கிறது என்றார். தலைப்புப் போட்டு எழுதவில்லை சார், ஆனால் எல்லாமே உள்ளே இருக்கிறது என்றேன். அவர் கெட்டவர் இல்லை, மறுமதிப்பீட்டில் வந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவர் பயம். ஒன்பதை அடித்து ஐந்து ஆக்கிக் கையெழுத்துப் போட்டார்.

குடும்ப உழைப்புக்குக் கூலி வைத்துப் பார்த்தால் தொழில் தேறுமா தேறாதா என்பதுதான் சிறுதொழிலின் மொத்தக் கணக்கும். பாங்க் மேனேஜரே கேட்கமாட்டார். அந்தப் பிள்ளை தானாகக் கேட்டிருக்கிறது.

ஜூன் 7

"அப்படியானால் நான் சொன்னதுதானே சரி, வகுப்பில் வராது" என்று பள்ளிப்பட்டு அண்ணன் கைதட்டுகிறார். இல்லை அண்ணா. அந்தப் பிள்ளைக்குத் தறி வீட்டில் தெரிந்தது செலவு. அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக உட்காரவைத்து, அம்மாவின் உழைப்பையும் ஒரு செலவாகப் பார்க்கத் தூண்டியது அந்தக் கேள்விதான். என் அப்பா ஆயுசுக்கும் தறி ஓட்டினார், அம்மாவுக்குக் கூலி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வகுப்பில் கொஞ்சம் வருகிறது, மார்க் போடும் இடத்தில்தான் செத்துவிடுகிறது.

ஜூன் 7, இரவு

எல்லையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு வேடிக்கை. 1960இல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, நகரி இங்கேயே நின்றது. எங்கள் பிள்ளைகள் தமிழில் படிக்க பஸ் ஏறி அந்தப் பக்கம் போகிறார்கள். அங்கே நீட்ஸ் திட்டம் பற்றிப் படிக்கிறார்கள், 2012இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம். மனப்பாடமாகச் சொல்வார்கள். விண்ணப்பிக்கத் தமிழ்நாட்டில் மூன்று வருஷம் குடியிருந்திருக்கவேண்டும். நம் பிள்ளை ஆதார் கார்டை எடுத்து நீட்டினால் சித்தூர் மாவட்டம். சரி, நம் பக்கத்து மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் படிவம் தெலுங்கில். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவோம், அது வேறு விஷயம்.

மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) இருக்கிறது, 2008இலிருந்து. அதற்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. உற்பத்தித் தொழிலில் திட்டச் செலவு பத்து லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்பு பாஸ் போதும், அதற்குக் கீழே படிப்பே கேட்பதில்லை. மூன்று வருஷம் டிகிரி படித்து, ஒரு முழுத் தாள் தொழில்முனைவு எழுதி, எட்டாவது பாஸ் என்று டிக் அடிக்கும்போது பையன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஜூன் 9

ஆதாரம் கேட்கிறார்கள், கல்லூரிப் பாடத்தால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று யாராவது அளந்திருக்கிறார்களா என்று.

2010இல் வந்த ஒரு டச்சு ஆய்வு உண்டு. கல்லூரி மாணவர்களைக் குட்டிக் கம்பெனி தொடங்க வைக்கும் ஒரு பாடத்தை எடுத்துப் பார்த்தார்கள். திறமை கூடியதாகத் தெரியவில்லை, தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்துவிட்டது. பள்ளிப்பட்டு அண்ணன் இதைப் படித்தால் பட்டாசு வெடிப்பார். ஆனால் ஆசை குறைவதும் ஒரு பலன்தான் என்று நினைக்கிறேன். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத் தொழில் தொடங்கி மூடிய பிறகு தெரிவதைவிட, இருபது வயதில் வகுப்பிலேயே தெரிந்துகொண்டால் நல்லதுதானே.

இன்னொன்று டோகோ, ஆப்பிரிக்கா. 2017இல் வெளியானது. ஏற்கெனவே தொழில் நடத்தும் 1500 சிறு வியாபாரிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்குக்கு வழக்கமான வணிகப் பயிற்சி, ஒரு பங்குக்கு முன்முயற்சி எடுக்கும் மனப்பயிற்சி, ஒரு பங்கு சும்மா. மனப்பயிற்சி எடுத்தவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. கணக்கு வழக்குப் பயிற்சிக்கு உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் தேறவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, அதே காக்கிநாடா வாசனை.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன், மனம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்வது போல இருக்கிறது. அப்படியில்லை. காக்கிநாடாவில் ஏறிய உந்துதல் செல்லுபடி ஆனதற்கு அது துறைமுக ஊர் என்பதும், வந்தவர்கள் கையில் ஏற்கெனவே கொஞ்சம் முதலும் கடன் கொடுக்கத் தெரிந்தவர்களும் இருந்ததும் காரணம் என்றே நினைக்கிறேன். முதலாளியிடம் நூல் வாங்கி மீட்டர் கூலிக்கு ஓட்டுகிறவனை எந்த தூரத்தில் நின்று வளையம் எறியச் சொன்னாலும், வளையமே அவனுடையது இல்லையே.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தப் பாடம் பெருகியதும் பணம், வேலை சார்ந்த கதைதான். 1970களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் எம்பிஏவில் இதைத் தனிப் பிரிவாகவே வைத்தது. 1979இல் டேவிட் பர்ச் என்ற எம்ஐடி ஆய்வாளர், புது வேலைகளில் பெரும்பகுதியைச் சின்ன நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன என்று கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கோடு பின்னால் பலர் மல்லுக்கட்டினார்கள், ஆனால் அதற்குள் அரசியல்வாதிகள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். 2003இல் ஜெரோம் கட்ஸ் எண்ணியபோது சுமார் 1600 அமெரிக்கக் கல்லூரிகளில் 2200 பாடங்களுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன.

ஜூன் 10

பாலக்காட்டு மாப்பிள்ளை ஒருவர் உள்ளே வந்து கேரளாதான் முன்னோடி என்கிறார். வருகைப்பதிவில் 20 சதவீதமும் மார்க்கில் 4 சதவீதமும் மாணவத் தொழில்முனைவோருக்குச் சலுகை கொடுத்த கொள்கையைச் சொல்கிறார். உண்மைதான், ஸ்டார்ட்அப் இந்தியாவுக்கு முன்பே வந்தது, பாராட்டுகிறேன். மார்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வருகைப்பதிவை மட்டும் எங்களுக்கும் அனுப்புங்கள். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி கேட்டில் லாரிக்கணக்கில் பெங்களூரா மாங்காய் நிற்கும்போது, விலை எப்படி விழுகிறது என்று அங்கே நின்று பார்க்கிற பையன் கற்றுக்கொள்வது அதிகம். அவனுக்கு ஆப்சென்ட் போடுகிறோம்.

ஜூன் 11

ஜி.டி. நாயுடுவை ஏன் விட்டீர்கள் என்று ஒரு அக்கா திட்டுகிறார். நியாயம். ஹார்வர்டு பாடத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, 1945இல், அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாக இருந்தவர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வந்ததுதான். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசு கேட்கவில்லை, விலகிவிட்டார். தொழில்முனைவு என்று பாடம் எதையும் அவர் எழுதவில்லை, ஆனால் நாம் பேசுகிற சண்டையை முதலில் போட்டவர்களில் அவர் உண்டு. பள்ளிப் படிப்பைக்கூட முழுசாக முடிக்காதவர் என்பதைப் பள்ளிப்பட்டு அண்ணன் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 12, இரவு

பள்ளிப்பட்டு அண்ணன் விஷயத்துக்கு வந்துவிட்டார். இத்தனை நாள் சண்டைக்குப் பின்னால் இருந்தது அவருடைய அக்கா மகன். பிபிஏவில் தொழில்முனைவைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் வீட்டில் பேச்சாம். முதலிலேயே கேட்டிருக்கலாம் அண்ணா, நான் மெக்லெலண்ட் வரை போயிருக்கமாட்டேன்.

எடுக்கட்டும், ஆனால் கல்லூரியைப் பார்த்து எடுக்கட்டும். இன்குபேஷன் சென்டர் (புதுத்தொழில் வளர்ப்பு மையம்) என்று போர்டு மாட்டிய அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே சோபாவும் போஸ்டரும் மட்டும் இருந்தால் வந்துவிடலாம். ஒரு லேத்தோ தையல் மெஷினோ பேக்கிங் மெஷினோ, சனிக்கிழமை போய்த் தொட ஏதாவது இருக்கிறதா? போன வருஷப் பிள்ளைகளில் யாருக்காவது கடன் வாங்க பாங்குக்கு ஆசிரியர் கூடவே போனாரா, போனார் என்றால் எந்த பாங்க், எந்தப் பிள்ளை? பெயர் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு போன் செய்யுங்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குத் தட்டச்சு செய்த ஸ்பைரல் பைண்டிங் கேட்கிறார்களா, வாங்கி விற்ற பில் கேட்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

பையன் வீட்டிலும் தறி இருக்கிறது என்றீர்கள். ஓட்டத் தெரியுமா? தெரியாவிட்டால் வகுப்பு தொடங்குமுன் ஒரு மாதம் கணக்கு நோட்டை அவனிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அம்மா, பாட்டி கூலி உட்பட. அட்மிஷன் இந்த மாதத்தோடு முடிகிறதாம், திங்கட்கிழமையே போய்ப் பாருங்கள். முதல் பஸ்ஸில் போனால் ஆபீஸ் திறக்கும்போது இருக்கலாம்.